'கிளம்பிட்டேன்' என்றால் ஆள் எங்கே இருக்கிறார் என்று அர்த்தம்?

காத்திருப்போர் சங்கம் – மாலை 5:14

நண்பர்களே, ரயில் நிலையத்தில் பெரிய கடிகாரத்துக்குக் கீழே நின்றபடி இதைத் தட்டுகிறேன். ஐந்து மணிக்கு இங்கே சந்திப்பது, 6:30 காட்சிக்குப் போவது என்று பேச்சு. நண்பன் 4:20-க்கே 'கிளம்பிட்டேன்' என்று செய்தி அனுப்பிவிட்டான். அவன் வீட்டிலிருந்து இங்கே வர அரை மணி நேரம். கணக்குப்படி அவன் எனக்கு முன்பே வந்து நின்று என்னைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆளைக் காணோம். கூப்பிட்டால் 'அணைத்து வைக்கப்பட்டுள்ளது' என்கிறது ஒரு பெண் குரல். இன்றைக்கு என்னிடம் மரியாதையாகப் பேசியது அந்தக் குரல் மட்டும்தான்.

இருபது வருடப் பழக்கத்தில் அவன் மொழி எனக்கு அத்துப்படி. 'கிளம்பிட்டேன்' என்றால் குளிக்கப் போகிறான். 'பாதி வழியில இருக்கேன்' என்றால் ஒரு கால் செருப்பு கிடைத்துவிட்டது, இன்னொன்றைத் தேடுகிறான். 'பக்கத்துல வந்துட்டேன்' என்றால் வீட்டுக் கதவைப் பூட்டுகிறான். 'நீ எங்க நிக்கிற?' என்று அவனாகக் கேட்டால் மட்டும்தான் உண்மையிலேயே வந்துவிட்டான் என்று அர்த்தம்.

உங்கள் நண்பர்களின் அகராதியையும் எடுத்துவிடுங்கள். எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. தலைக்கு மேலே இருக்கும் கடிகாரமும் 11:20-ல் நின்றுபோய்க் கிடக்கிறது, அதற்கும் அவசரமில்லை.

நேற்றுப்பிறந்தவன் – 5:17

எங்கள் கூட்டத்தில் ஒரே சொல்தான் அண்ணே. ட்ராஃபிக். எதைக் கேட்டாலும் ட்ராஃபிக். போன வாரம் ஒருத்தன் 'பயங்கர ட்ராஃபிக்டா, வண்டி நகரவே இல்ல' என்று அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பின்னால் அவன் அம்மா குரல்: 'ஈரத் துண்டை மெத்தை மேல போடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?'

லொகேஷன் அனுப்பு என்று சொல்லிவிட்டால் போதும், 'என் மேல நம்பிக்கை இல்லையா?' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். பணம் கடன் கேட்டபோதுகூட இப்படிக் கண் கலங்கவில்லை.

சுருக்குப்பை – 5:21

தம்பிகளா, எல்லோரும் சேர்ந்து அந்தப் பையனை வறுக்காதீர்கள். 'கிளம்பிட்டேன்' என்பது பொய் இல்லை. மனசு கிளம்பிவிட்டது, உடம்பு பின்னால் வருகிறது, அவ்வளவுதான்.

நடுவில் அலமாரி என்று ஒன்று இருக்கிறதே. என் அலமாரியைத் திறந்தால் துணி தலையில் விழும். ஆனாலும் போட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. கேட்பதற்கு முரணாக இருக்கும், நின்று பார்த்தால்தான் புரியும். பாதித் துணி நான் முன்பு இருந்த அளவுக்கு எடுத்தது. கால்வாசி, நான் ஆகப்போகும் அளவுக்கு எடுத்தது. 'ரெண்டு மாசத்துல சரியாயிடும்' என்று வாங்கி நாலு வருடம் ஆகிறது. மிச்சத்தில் சில அழகாக இருக்கின்றன, ஆனால் அவற்றுக்குப் பொருத்தமான இன்னொன்றை வாங்கினால்தான் போட முடியும். எல்லாவற்றையும் கழித்தால் கையில் நிற்பது நாலே நாலு. நண்பர்களுடைய படங்களில் எல்லாம் அந்த நாலில் ஒன்றைத்தான் போட்டிருக்கிறேன். பத்து வருடப் படங்களை வரிசையாக வைத்தால் ஒரே நாளில் எடுத்தது மாதிரி இருக்கும், முகத்தை மட்டும் மறைத்துக்கொள்ள வேண்டும்.

வாய்ப்பாடு – 5:26

அக்கா சொல்வதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது. எந்த வேலைக்கும் ஆகும் நேரத்தைக் குறைத்துக் கணக்குப் போடுவது மனித சுபாவம். டேனியல் கானெமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-ல் இதற்கு ஒரு பெயரே வைத்தார்கள். 1994-ல் வந்த ஓர் ஆய்வில் மாணவர்களிடம் 'ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள்?' என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். 'சரி, எல்லாமே தப்பாகப் போனால்?' என்று கேட்டதற்கு 48.6 நாள். கடைசியில் முடித்தது 55.5 நாளில்.

அதாவது, தலையில் இடியே விழுந்தால் எவ்வளவு ஆகுமோ அதைவிட ஒரு வாரம் அதிகம். உங்கள் நண்பர் கெட்டவர் இல்லை. கிளம்பும்போது இடியைக்கூட அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

சும்மா கேட்டேன் – 5:28

சும்மா கேட்கிறேன், அவர் எதில் வருகிறார்? பஸ்ஸா?

காத்திருப்போர் சங்கம் – 5:30

பஸ்தான். அவன் நிறுத்தத்தில் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று பலகையே இருக்கிறது. எப்போது போய் நின்றாலும் சராசரியாக ஐந்து நிமிடம் நின்றால் போதுமே. பஸ் மேல் பழி போட விடமாட்டேன்.

வாய்ப்பாடு – 5:34

அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். ஐந்து நிமிடம் என்பது பஸ்கள் அச்சுப் பிசகாமல் பத்துப் பத்து நிமிடத்தில் வந்தால்தான். ஒன்று ஐந்து நிமிடத்தில், அடுத்தது பதினைந்து நிமிடத்தில் என்று மாறி மாறி வருகின்றன என்று வையுங்கள். அப்போதும் சராசரி இடைவெளி பத்துதான், பலகை பொய் சொல்லவில்லை. ஆனால் இருபது நிமிடத்தில் பதினைந்து நிமிடத்தை அந்த நீண்ட இடைவெளி பிடித்துக்கொள்கிறது. நாம் நிறுத்தத்துக்குப் போனால் நாலுக்கு மூன்று தடவை அதற்குள்தான் மாட்டுவோம். கணக்குப் போட்டால் சராசரியாக 6 நிமிடம் 15 நொடி நிற்க வேண்டும். பஸ்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் கண்டபடி வந்தாலோ முழுசாகப் பத்து நிமிடம்.

'நான் போனால் மட்டும் பஸ் வராது' என்று எல்லோரும் புலம்புகிறோமே, அது ராசி இல்லை, பெருக்கல் வகுத்தல்.

பெட்டிபடுக்கை – 5:37

அப்படியே ஜோடியாக வருவதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அரை மணி நேரம் ஒன்றும் இல்லாமல், அப்புறம் ஒரே எண்ணில் இரண்டு, ஒன்றின் முதுகில் ஒன்று ஒட்டிக்கொண்டு. சின்ன வயதில் டிரைவர்கள் பேசிவைத்துக்கொண்டு வருகிறார்கள் என்றே நினைத்திருந்தேன்.

பிறகு ஒரு நாள் டிரைவர் ஒருவரிடமே கேட்டேன். முன்னால் போகிற வண்டி கொஞ்சம் தாமதமானால் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். அத்தனை பேரும் ஏறி இறங்க இன்னும் தாமதம். பின்னால் வருகிற வண்டிக்கோ ஆளே இருக்காது, எங்கும் நிற்காமல் வந்து முன்வண்டியைப் பிடித்துவிடும். அப்புறம் கடைசி வரை சேர்ந்தே பயணம். இவ்வளவு தெரிந்தும் நாம் என்ன செய்கிறோம்? மூச்சு முட்டுகிற முதல் வண்டியில்தான் தொங்குகிறோம். பின்னால் காலியாக வருவது கண்ணுக்குத் தெரியும், ஆனால் கால் கேட்காது.

நேற்றுப்பிறந்தவன் – 5:39

லிஃப்ட் முன்னால் நிற்கிறவர்களையும் பாருங்கள் அண்ணே. பட்டன் அமுக்கியாயிற்று, விளக்கு எரிகிறது, நான் பக்கத்திலேயே நிற்கிறேன். ஒருவர் வந்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுபடி அமுக்குவார். நான் அமுக்கியது லிஃப்ட்டுக்குப் போதாதாம். அப்புறம் மூன்றாமவர் வருவார். அவர் அஞ்சாறு தடவை அமுக்குவார். லிஃப்ட் வந்ததும் மூன்று பேர் முகத்திலும் 'என்னால்தான் வந்தது' என்ற பெருமிதம்.

சும்மா கேட்டேன் – 5:42

சாலையைக் கடக்க ஒரு பட்டன் இருக்குமே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் 2004-ல் எண்ணிப் பார்த்தபோது அப்படி 3,250 பட்டன்கள் இருந்தன. அதில் 2,500-க்கும் மேல் வேலையே செய்யாதவை. சிக்னலைக் கணினி கவனித்துக்கொண்டது, பழைய பட்டன்களைக் கழற்றச் செலவாகும் என்று அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். மக்கள் பாட்டுக்கு அமுக்கிக்கொண்டிருந்தார்கள், விளக்கும் பாட்டுக்கு மாறிக்கொண்டிருந்தது. இரண்டு தரப்புக்கும் திருப்தி.

நீங்களும் அந்த அணைந்த எண்ணுக்கு இதுவரை எத்தனை தடவை கூப்பிட்டீர்கள்?

காத்திருப்போர் சங்கம் – 5:44

பதினேழு.

இங்கே வேறொரு சங்கடம். இந்தப் படத்துக்காகப் புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறேன். நீலத்தில் மஞ்சள் இலை. கடையில் 'இது ஒண்ணுதான் சார் இருக்கு' என்றார்கள். இன்னொன்று இங்கே எனக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. அதே நீலம், அதே இலை, அதே காலர். அவரும் பார்த்துவிட்டார். ஆளுக்கொரு பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டோம். சொல்லாமல் கொள்ளாமல் விவாகரத்து ஆனவர்கள் மாதிரி இருக்கிறது.

ஒரு பெரியம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்து, 'தம்பி, மூணாவது பிளாட்பாரம் எந்தப் பக்கம்?' என்றார். நிலைய ஊழியர் என்று நினைத்துவிட்டார். நானும் கையைக் காட்டிவிட்டேன். அவர் போனபிறகுதான் பலகையைப் பார்த்தேன், அது எதிர்ப்பக்கம். இப்போது தூணுக்குப் பின்னால் நிற்கிறேன்.

வாய்ப்பாடு – 5:47

வெளியே வாருங்கள். யாரும் உங்களைப் பார்க்கவில்லை. 2000-ல் வெளியான ஓர் ஆய்வில் மாணவர்களுக்கு மானம் போகிற மாதிரி ஒரு டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, ஆட்கள் நிறைந்த அறைக்குள் அனுப்பினார்கள். போட்டவர்கள், பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். உண்மையில் சட்டையில் என்ன இருந்தது என்று சொல்லத் தெரிந்தவர்கள் கால்வாசிப் பேர்தான்.

சுருக்குப்பை – 5:49

நானே சாட்சி. ஒரு நாள் ஒரு காலில் கறுப்பு, இன்னொரு காலில் கரும்பழுப்பு என்று செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு அலுவலகம் போய்விட்டேன். காலை முழுவதும் காலை நாற்காலிக்கு அடியில் மடக்கி வைத்து முழங்கால் விட்டுப்போனது. சாயங்காலம் தாங்காமல் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் காட்டினேன். 'ஓ, இதுதான் இப்ப ஃபேஷனா அக்கா?' என்றாள். கிண்டலா நிஜமா என்று இன்றைக்கு வரை தெரியவில்லை.

நேற்றுப்பிறந்தவன் – 5:50

அக்கா, நடுவில் ஒரு சந்தேகம். ஏன் சுருக்குப்பை என்று பெயர்?

சுருக்குப்பை – 5:54

கேட்டாயே ஒரு கேள்வி. உட்கார்.

என் உடுப்பில் பாக்கெட் கிடையாது, அதனால். 2018-ல் ஓர் இணைய இதழ் 20 பிராண்ட் ஜீன்ஸ்களை அளந்து பார்த்தது. ஆண்களுடையதைவிடப் பெண்களுடைய முன்பாக்கெட் நீளத்தில் 48 சதவீதம் குறைவு, அகலத்தில் ஆறரை சதவீதம் குறைவு. பாதிப் பாக்கெட்! கைபேசியை வைத்தால் பாதி உடம்பு வெளியே நீட்டிக்கொண்டு, ஜன்னலில் எட்டிப்பார்க்கிற குழந்தை மாதிரி இருக்கும். உட்கார்ந்தால் குதித்துவிடும்.

இதாவது பரவாயில்லை. போலிப் பாக்கெட் என்று ஒன்று உண்டு. வெளியே வாய் மாதிரி தையல் இருக்கும். பிரித்தால் திறக்கும் போலிருக்கிறது என்று ஒரு நாள் ஊசியை வைத்து அரை மணி நேரம் நூல் நூலாகப் பிரித்தேன். உள்ளே பையே இல்லை. நேராகத் தொடை.

உன் ஜீன்ஸில் வலது பாக்கெட்டுக்குள் குட்டியாக இன்னொரு பாக்கெட் இருக்கும், பார். அது சங்கிலி கோத்த பாக்கெட் கடிகாரம் வைப்பதற்காகத் தைத்தது. ஜீன்ஸில் செம்பு ஆணி அடிக்கும் காப்புரிமையை லீவை ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரரும் 1873-ல் வாங்கினார்கள், அந்தக் காலத்துச் சமாச்சாரம். அந்தக் கடிகாரத்தை இன்றைக்கு யாராவது வைத்திருக்கிறார்களா? இல்லாத கடிகாரத்துக்கு இன்னும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், இருக்கிற என் கைபேசிக்கு இடம் இல்லை.

அதனால் கைப்பை. கைப்பை வந்தால் அதற்குள் எல்லாம் வரும். என்னுடையது மட்டும் என்றால்கூடப் போகட்டும். வெளியே கிளம்பினால் வீட்டில் நாலு பாக்கெட் வைத்த பேன்ட் போட்ட மனிதர் வந்து, 'இந்தச் சாவியை உன் பையில போட்டுக்கோயேன்' என்பார்.

பெட்டிபடுக்கை – 5:57

பையைப் பற்றிப் பேச்சு வந்ததால் நானும் ஆஜர். எங்கள் நண்பர்கள் குழுவில் 14 பேர். பயணம் போகலாம் என்று ஒருத்தன் செய்தி போட்டால் பதினான்கு கட்டைவிரல் உயரும். தேதி கேட்டால் பதினொன்று. பயணச்சீட்டுக்குப் பணம் போடு என்றால் நாலு. கிளம்பும் அன்றைக்கு மூன்று. அந்த மூன்றில் ஒருத்தன் எப்போதும் இரண்டு நாள் பயணத்துக்கு ஆள் உயரப் பெட்டியோடு வருவான். 'எதுக்கும் இருக்கட்டும்' என்பது அவன் தாரக மந்திரம். வெயில் காலத்தில் கம்பளிச் சட்டை, எதற்கும் இருக்கட்டும். ஒரு தடவை இஸ்திரிப் பெட்டி இருந்தது.

சக்கரம் வைத்த பெட்டி வந்ததுதான் இதற்கெல்லாம் காரணம் என்பது என் கட்சி. பெர்னார்ட் சாடோ என்பவர் அந்த யோசனைக்கு 1972-ல் காப்புரிமை வாங்கினார். மனிதன் 1969-லேயே நிலாவில் கால் வைத்துவிட்டான், பெட்டிக்குச் சக்கரம் கடைகளில் பரவியது அதற்கப்புறம். அதுவும் வாரைப் பிடித்து நாய்க்குட்டி மாதிரி இழுத்துப் போக வேண்டும், திருப்பத்தில் கவிழ்ந்துவிடும். நீட்டுக் கைப்பிடி வைத்து நிமிர்த்தி இழுக்கிற பெட்டியை 1987-ல் கொண்டுவந்தவர் ராபர்ட் பிளாத் என்ற விமானி. தூக்கிச் சுமந்த காலத்தில் ஒரு சட்டையை எடுத்து வைக்குமுன் கை யோசித்தது. இப்போது பெட்டி தானாக உருள்கிறது, யோசனை எதற்கு? ஆனால் படிக்கட்டு வந்ததும் அவன் என்னைத் திரும்பிப் பார்ப்பான் பாருங்கள் ஒரு பார்வை. இருபது வருட நட்பு முழுதும் அந்த ஒரு பார்வையில் இருக்கும்.

காத்திருப்போர் சங்கம் – 5:59

எனக்கு இப்போது வேறு சந்தேகம் வருகிறது. அவன் வேறு கூட்டத்தோடு வேறு படத்துக்குப் போய்விட்டானோ? அவனுக்கு என்னைவிட நண்பர்கள் ஜாஸ்தி.

வாய்ப்பாடு – 6:02

அதுவும் உங்களுக்கு மட்டும் இல்லை. பெரும்பாலோருக்கு அவர்களுடைய நண்பர்களைவிட நண்பர்கள் குறைவு. ஸ்காட் ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் 1991-லேயே காட்டியிருக்கிறார். நூறு நண்பர்கள் இருக்கிறவன் நூறு பேருடைய பட்டியலில் இருப்பான், ஒரே நண்பன் இருக்கிறவன் ஒரே பட்டியலில். அதனால் யாருடைய பட்டியலை எடுத்தாலும் அந்தப் பிரபலஸ்தர்தான் முந்திக்கொண்டு நிற்பார்.

சும்மா கேட்டேன் – 6:03

சும்மா கேட்கிறேன், வாய்ப்பாடு அவர்களே, உங்களுக்கு எத்தனை நண்பர்கள்?

வாய்ப்பாடு – 6:04

இங்கே எழுதுகிறவர்களையும் சேர்த்தா?

அது கிடக்கட்டும். சங்கத் தலைவரே, இடத்தைச் சரியாகப் பேசிக்கொண்டீர்களா? தாமஸ் ஷெல்லிங் என்ற பொருளாதார அறிஞர், பிறகு 2005-ல் நோபல் பரிசு வாங்கியவர், ஒரு வேடிக்கையான கேள்வி கேட்டார். நியூயார்க்கில் ஒருவரை நாளைக்குச் சந்திக்க வேண்டும், இடமும் நேரமும் பேசவில்லை, தொடர்புகொள்ளவும் முடியாது, எங்கே போய் நிற்பீர்கள்? பெரும்பாலோர் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் தகவல் மையம் என்றார்கள். நேரம், நண்பகல் பன்னிரண்டு. பேசிவைக்காமலே சந்தித்துவிடுவார்கள். பேசிவைத்துக்கொண்டவர்கள்தான் தவறவிடுகிறார்கள், ஏனென்றால் பேசியாயிற்று என்ற தைரியம்.

காத்திருப்போர் சங்கம் – 6:06

எங்களுக்கு அந்தச் சிக்கலே கிடையாது. 'நிலையத்தில் பெரிய கடிகாரத்துக்குக் கீழே' என்று எழுத்தில் இருக்கிறது. கடிகாரம் என்றால் கடிகாரம். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். இன்னும் ஐந்து நிமிடம் பார்ப்பேன், அப்புறம் தனியாகப் போய்ப் படம் பார்ப்பேன்.

அஞ்சே நிமிஷம் – 6:09

டேய்!

செத்துக் கிடந்த கைபேசிக்கு இப்போதுதான் ஒரு பிளக் கிடைத்து உயிர் வந்தது. திறந்தவுடன் கண்ணில் படுவது என்னைப் பற்றி ஊரே கூடி நடத்தும் பஞ்சாயத்து. குளிக்கப் போகிறேனா? செருப்புத் தேடுகிறேனா? 4:20-க்குக் கிளம்பினேன் என்றால் கிளம்பினேன்டா. வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையிலேயே கிளம்பினேன், அதற்கு எனக்கு இந்த மரியாதை. பஸ் வரவில்லை, அப்புறம் இரண்டு சேர்ந்து வந்தன, அந்தக் கணக்கை அண்ணன் ஒருவர் அழகாக எழுதியிருக்கிறார், நன்றி. 5:12-க்கு இங்கே வந்துவிட்டேன்.

ஒரு மணி நேரமாக நிற்கிறேன். கடிகாரத்துக்குக் கீழே! ஒவ்வொரு நிமிடமும் முள் 'டக்' என்று நகருவதை ஐம்பது தடவைக்கு மேல் கேட்டுவிட்டேன். நீதான் இன்னும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, நிலையத்தில் நிற்கிறேன் என்று கதை விட்டுக்கொண்டிருக்கிறாய்.

காத்திருப்போர் சங்கம் – 6:10

நான் வீட்டிலா? ஒரு மணி நேரமாக இதே தூணோடு நிற்கிறேன். இங்கே உன் தலைமுடிகூடத் தெரியவில்லை. உன்னுடைய கதைக்கு அளவே இல்லையா?

சுருக்குப்பை – 6:11

ஒரு நிமிடம். இரண்டு பேரும் வாயை மூடுங்கள்.

முதல் பதிவில் சங்கத்துத் தம்பி, தலைக்கு மேல் இருக்கும் கடிகாரம் 11:20-ல் நின்றுபோயிருக்கிறது என்று எழுதினார். இந்தத் தம்பியின் கடிகாரம் 'டக் டக்' என்று ஓடுகிறது.

அந்த நிலையத்தில் எத்தனை பெரிய கடிகாரம்?

பெட்டிபடுக்கை – 6:12

அக்கா, காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன்.

காத்திருப்போர் சங்கம் – 6:13

…கிழக்கு வாசலில் நான் நிற்கிறேன். மேற்கு வாசலில் ஒன்று இருக்கிறதோ?

அஞ்சே நிமிஷம் – 6:13

மேற்கு வாசல்தான்டா! எல்லோரும் பெரிய கடிகாரம் என்று சொல்வது இதைத்தான். ஓடாத கடிகாரத்தை எவனாவது அடையாளம் சொல்வானா?

காத்திருப்போர் சங்கம் – 6:14

'பெரிய' கடிகாரம் என்றுதானே பேச்சு, 'ஓடுகிற' கடிகாரம் என்றா சொன்னாய்? அகலத்தில் இதுதான் பெரியது. நாள் முழுக்க நின்று அளந்திருக்கிறேன். சரி விடு, கூப்பிடுகிறேன், எடு.

அஞ்சே நிமிஷம் – 6:15

உன்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். வேறு அழைப்பில் இருக்கிறாய் என்கிறது. யாரோடு பேசுகிறாய்?

காத்திருப்போர் சங்கம் – 6:15

உன்னோடுதான்! நீதான் வேறு அழைப்பில் இருக்கிறாய் என்கிறது.

வாய்ப்பாடு – 6:16

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் அப்படித்தான். ஒருவர் மட்டும் கூப்பிடுங்கள். யார் என்று இங்கேயே முடிவு பண்ணிக்கொண்டு…

சும்மா கேட்டேன் – 6:18

பதில் இல்லையே. ஓடிவிட்டார்கள் போலிருக்கிறது. இரண்டு பேருமா?

அஞ்சே நிமிஷம் – 6:22

கிழக்கு வாசலுக்கு ஓடி வந்துவிட்டேன். நின்றுபோன கடிகாரம் இருக்கிறது, தூண் இருக்கிறது. நீலச் சட்டை, மஞ்சள் இலை. பின்னாலிருந்து போய்க் கட்டிப்பிடித்துவிட்டேன். அது நீ இல்லை.

காத்திருப்போர் சங்கம் – 6:22

நான் மேற்கு வாசலில் நிற்கிறேன். கடிகாரம் நன்றாகத்தான் ஓடுகிறது.

சுருக்குப்பை – 6:23

யாராவது ஒருத்தர் அசையாமல் நில்லுங்கள்!

அஞ்சே நிமிஷம் – 6:23

நான் நகரவில்லை அக்கா. நகரவும் முடியாது. அந்த நீலச் சட்டைக்காரர் எழுந்து நின்று 'யார் சார் நீங்க?' என்கிறார், விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் ஒரு பெரியம்மா வேறு, இந்தச் சட்டை போட்டவர் தனக்குப் பிளாட்பாரத்தை மாற்றிச் சொன்னதாகச் சண்டைக்கு நிற்கிறார்.

காத்திருப்போர் சங்கம் – 6:24

சரி, நீ அங்கேயே இரு. நான் கிளம்பிட்டேன்.

நேற்றுப்பிறந்தவன் – 6:25

அண்ணே, குளிக்கவா?